97 மெஷின்ல ஏறாத சாஃப்ட்வேர்: ஒரு திங்கட்கிழமை டெப்ளாய்மென்ட், முழு நிகழ்வு ஆய்வு

முதல்ல நிலவரத்தைச் சொல்லிடறேன். எங்க நெட்வொர்க்ல மொத்தம் 214 கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே டொமைன்ல, அதாவது ஒரே இடத்துலேர்ந்து நிர்வகிக்கற ஒரே குழுவுல இருக்கு. மெயின் ஆபீஸ்ல 168, முதல் கிளைல 24, ரெண்டாவது கிளைல 22. கணக்குப் பிரிவு, பில்லிங், ஸ்டோர்னு எல்லாருமே தினமும் திறக்கற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதோட சர்வரை ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி புது வெர்ஷனுக்கு மாத்தறதா முடிவாச்சு, மாத்திட்டா பழைய கிளையன்ட், அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் இருக்கற சாஃப்ட்வேர் பகுதி, அந்த சர்வரோட பேசாது, அதனால திங்கள் காலைல ஆளுங்க வந்து உக்காரும்போது 214லயும் புது கிளையன்ட் ஏறி இருக்கணும். இதான் வேலை.

எஸ்சிசிஎம், இன்ட்யூன் மாதிரி எல்லா மெஷினுக்கும் சாஃப்ட்வேர் அனுப்பற, லைசென்ஸ் வாங்க வேண்டிய டூல் எதுவும் எங்ககிட்ட இல்ல. டொமைன்ல இருக்கற யூசர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நிர்வகிக்கற ஆக்டிவ் டைரக்டரி இருக்கு, அதுல விண்டோஸ் 2000 காலத்துலேர்ந்தே இருக்கற குரூப் பாலிசி சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் இருக்கு. எம்எஸ்ஐ ஃபைலை (விண்டோஸ் இன்ஸ்டால் பேக்கேஜ்) ஒரு ஷேர்ல, அதாவது நெட்வொர்க்ல பகிர்ந்த ஃபோல்டர்ல போட்டு, பாலிசில அதோட நெட்வொர்க் பாத்தைக் கொடுத்து கம்ப்யூட்டருக்கு அசைன் பண்ணிட்டா, மெஷின் பூட் ஆகும்போது லாகின் ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடியே அது தானா ஏறிடும். பேக்கேஜ் சைஸ் 380 எம்பி. புதன்கிழமை எங்க ஐடி ரூம்ல இருக்கற 3 மெஷின்ல டெஸ்ட் பண்ணேன், மூணுலயும் சுத்தமா ஏறுச்சு, சாஃப்ட்வேர் திறந்துச்சு, டெஸ்ட் சர்வரோட பேசுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலிசியை எல்லா மெஷினுக்கும் லிங்க் பண்ணிட்டு, எல்லாரும் ஷட்டவுன் பண்ணிட்டுப் போங்க, திங்கள் காலைல ஆன் பண்ணா போதும்னு மெயில் அனுப்பினேன்.

திங்கள் காலை 9:40க்கு எடுத்த கணக்கு: 117ல ஏறியிருக்கு, 97ல இல்ல. அதைவிட மோசம், ஏறின 117லயும் எங்க 3 டெஸ்ட் மெஷினைத் தவிர எதுலயுமே லாகின் ஆக முடியல.

இந்த ஆய்வை எழுதறதுக்குக் காரணமே அந்த 3 டெஸ்ட் மெஷின்தான். 97 தோல்விக்கும் தனித்தனி காரணம் இருந்துச்சு, ஆனா ஒவ்வொண்ணையும் தோண்டிட்டே போனா கடைசில ஒரே இடத்துல வந்து நிக்குது: நான் டெஸ்ட் பண்ணது நானா, என் ரூம்லேர்ந்து, என் அக்கவுண்ட்ல. திங்கட்கிழமை அங்க இன்ஸ்டால் பண்ணது நான் இல்ல, சிஸ்டம் அக்கவுண்ட், அதாவது விண்டோஸோட சொந்த அக்கவுண்ட், யாரும் லாகின் பண்ணாத நேரத்துல, வேற ஒரு கிளைலேர்ந்து. அதுக்குத் தெரியற உலகமே வேற.

38 மெஷின்: ஷட்டவுன் ஆகாத ஷட்டவுன்

முதல்ல மாட்டினது இதான், பெரிய கூட்டமும் இதான். பில்லிங்ல இருந்து போன் வந்துச்சு, என்கூட வேலை பாக்கற தம்பியை அனுப்பினேன், அவன் அங்கேர்ந்து கூப்பிட்டு "அண்ணே, மேடம் வெள்ளிக்கிழமை ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் போனேன்னு உறுதியா சொல்றாங்க, ஆனா பாலிசி ஓடின தடமே இல்ல"ன்னான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு பக்கத்துல அப்டைம், அதாவது கடைசி பூட்லேர்ந்து எவ்வளவு நேரம் ஓடுதுன்னு, பாருடான்னேன். 19 நாள். தினமும் சாயங்காலம் ஷட்டவுன் பண்ற மெஷின்ல அப்டைம் 19 நாள்!

மேடம் சொன்னது முழுக்க உண்மை. விண்டோஸ் 8லேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு டிஃபால்ட்டா ஆன்ல இருக்கு. ஷட்டவுன் கொடுத்தா யூசரோட செஷனை மட்டும் மூடிட்டு, கர்னலை, அதாவது விண்டோஸோட மையப் பகுதியை, அப்படியே டிஸ்க்ல சேமிச்சு (ஹைபர்னேட்) வச்சிடும், மறுநாள் பட்டனை அமுக்கினா அதைத்தான் திருப்பி எடுத்துட்டு வரும். அது பூட் கிடையாது, தூக்கத்துலேர்ந்து எழுந்திரிக்கறது. பூட் நடக்கலேன்னா பூட்ல ஓட வேண்டிய சாஃப்ட்வேர் பாலிசியும் ஓடாது. ரீஸ்டார்ட் கொடுத்தா மட்டும்தான் முழு பூட். நான் டெஸ்ட்ல என்ன பண்ணேன்? பாலிசியை உடனே இழுத்துக்கச் சொல்ற ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கமாண்டைக் கொடுத்தேன், ரீஸ்டார்ட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். மூணு மெஷின்லயும் ரீஸ்டார்ட்தான். ஊழியர்கள்கிட்ட சொன்னது ஷட்டவுன். இந்த வித்தியாசம் என் கண்ணுலயே படல.

இதுல ஒண்ணு எல்லாருக்கும் தெரியணும்னு நினைக்கறேன். குரூப் பாலிசில "ரிக்வயர் யூஸ் ஆஃப் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்"னு ஒரு செட்டிங் இருக்கு, அதை டிசேபிள் பண்ணா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போயிடும்னு பேரைப் பார்த்தா தோணும், நானும் அதைத்தான் முதல்ல பண்ணேன். போகாது. அதை டிசேபிள் பண்ணா மெஷின்ல லோக்கலா என்ன இருக்கோ அதுவே தொடரும்னுதான் அர்த்தம், லோக்கல்ல ஆன்ல இருந்தா ஆன்லயே இருக்கும். நிஜமா ஆஃப் பண்ண ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்கை வைக்கற இடம்) செஷன் மேனேஜருக்குக் கீழ பவர் கீல ஹைபர்பூட் எனேபிள்ட்ங்கற வேல்யூவை 0 ஆக்கணும், அதை குரூப் பாலிசிலயே இருக்கற பாலிசி ப்ரிஃபரன்ஸ்ங்கற பகுதி வழியா அனுப்பலாம்.

17 மெஷின்: இன்னொரு ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தது

இதுங்க நிஜமாவே பூட் ஆச்சு, ஆனா மெஷின்ல நடந்ததைக் காட்டற ஈவென்ட் வ்யூவர்ல 101, 108ங்கற ஈவென்ட் வந்து எரர் 1274னு நின்னுச்சு. எக்ஸ்பி காலத்துலேர்ந்து விண்டோஸ் நெட்வொர்க் வர்றதுக்குக் காத்திருக்காம லாகின் ஸ்கிரீனை சீக்கிரம் காட்டிடும், பாலிசியை பின்னாடி ஓட்டும். சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் அப்படிப் பின்னாடி ஓடாது, முன்னாடி, மத்த எல்லாம் நிக்கணும், அப்பதான் ஓடும். அதனால முதல் பூட்ல "வேலை இருக்கு, அடுத்த தடவை நின்னு பண்றேன்"னு குறிச்சு வச்சிட்டு விட்டுடும், அடுத்த ரீஸ்டார்ட்ல ஏத்தும். என் டெஸ்ட் மெஷின்ல ஜிபிஅப்டேட்டே அந்தக் குறிப்பை முன்கூட்டி வச்சிருச்சு, அதனால ஒரே ரீஸ்டார்ட்ல முடிஞ்சு எனக்கு எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரிஞ்சுது. தீர்வு சின்னது, கம்ப்யூட்டர் ஸ்டார்ட்டப்ல நெட்வொர்க்குக்காகக் காத்திருன்னு சொல்ற பாலிசியை ஆன் பண்றது.

இந்த 38ம் 17ம் சேர்த்து 55, எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ண வச்சு, தேவைப்பட்டதுல ரெண்டு தடவை, மதியம் 12க்குள்ள ஏத்திட்டோம். ஏறாம இருந்ததுல பாதிக்கு மேல அதோட போச்சு.

முதல் கிளை, 24க்கு 24

ஒரு இடத்துல ஒண்ணு கூட விடாம எல்லாம் தோத்திருக்குன்னா அது மெஷினோட தப்பா இருக்காது, அதனால இதைத் தேட நேரம் ஆகல. ஈவென்ட் 102, எரர் 1612, இன்ஸ்டலேஷன் சோர்ஸ் கிடைக்கலங்குது. ஆனா அதே பாத்தை அந்தக் கிளை மெஷின்ல நான் ரிமோட்ல லாகின் பண்ணித் திறந்தா ஃபைல் அழகா தெரியுது, டபுள் கிளிக் பண்ணா ஓடுது.

எங்க பாத் டிஎஃப்எஸ் வழியா போகுது, அதாவது பாத் ஒண்ணுதான், காப்பி பல சர்வர்ல இருக்கும், முதல் கிளைல ஒரு ஃபைல் சர்வர் இருக்கறதால அங்க உள்ளவங்களுக்கு அந்த லோக்கல் காப்பியே கிடைக்கும், மெயின் ஆபீஸ் லைனைத் தொட வேண்டாம். ஃபோல்டரையும் உள்ள இருக்கற ஃபைலையும் அதுமேல வச்ச என்டிஎஃப்எஸ் பர்மிஷனையும் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் தானே கொண்டு போயிடும். நெட்வொர்க் வழியா உள்ள வர விடற ஷேர் பர்மிஷனை மட்டும் கொண்டு போகாது. அது ஒவ்வொரு சர்வர்லயும் தனியா வைக்கறது. கிளை சர்வர்ல ஷேரை உருவாக்கினவர் டொமைன் யூசர்ஸ்க்கு ரீட் கொடுத்திருந்தார், நியாயமான பர்மிஷன்தான், மனுஷங்க திறக்கற ஷேருக்கு. ஆனா பூட் நேரத்துல அந்த ஷேரைத் தட்டறது மனுஷன் இல்ல, கம்ப்யூட்டர் அக்கவுண்ட், டாலர் குறியோட முடியற பேரு, அது டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குரூப்ல இருக்கு, டொமைன் யூசர்ஸ்ல இல்ல. கதவு மூடி இருந்துச்சு. டொமைன் கம்ப்யூட்டர்ஸ்க்கு ரீட் கொடுத்தோம், ரீஸ்டார்ட், 24ம் ஏறிடுச்சு. நான் என் அக்கவுண்ட்ல எத்தனை தடவை திறந்து பார்த்திருந்தாலும் இந்தத் தப்பு எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ரெண்டாவது கிளை: 10 எம்பிபிஎஸ் லைனும் பவர் பட்டனும்

இங்க சர்வர் கிடையாது, எல்லாம் மெயின் ஆபீஸ்லேர்ந்து 10 எம்பிபிஎஸ் லைன்ல வரணும். கணக்கைப் போட்டுப் பார்க்காம விட்டது என் பெரிய தப்பு, போட்டிருந்தா ஒரு நிமிஷம்தான்: 380 எம்பி, 22 மெஷின், மொத்தம் 8,360 எம்பி. 10 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 1.25 எம்பி. லைன்ல வேற எதுவுமே ஓடலேன்னாலும் 6,688 செகண்ட், ஒரு மணி நேரம் 51 நிமிஷம். ஸ்லோ லிங்க்னு கண்டுபிடிச்சு விண்டோஸே நிறுத்தாதான்னு கேக்கலாம், அந்த எல்லை டிஃபால்ட்டா 500 கேபிபிஎஸ், எங்க லைன் அதுக்கு ரொம்ப மேல, அதனால விண்டோஸுக்கு அது வேகமான லைன்தான்.

ஆக காலைல 22 பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஆன் பண்ணாங்க, 22 ஸ்கிரீன்லயும் நிர்வகிக்கப்படற சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகுதுன்னு ஒரு வரி சுத்திட்டே நின்னுச்சு. முன்னாடி கஸ்டமர் வரிசைல நிக்கறாங்க. அரை மணி நேரம் பொறுத்துட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சிட்டாங்க, பாதி பேர். அவங்க மேல எனக்கு ஒரு துளி கூட வருத்தம் இல்ல, எவ்வளவு நேரம் ஆகும்னு நான் அவங்களுக்குச் சொல்லவே இல்லையே. 11 மெஷின்ல அப்படி அறுந்துச்சு, அதுல 7 காப்பி ஆகும்போதே நின்னது, அடுத்த பூட்ல நல்லாவே ஏறிடுச்சு. மீதி 4 நடு இன்ஸ்டால்ல நின்னது, அதுங்கள்ல வேற எந்த எம்எஸ்ஐ ஓட்டினாலும் எரர் 1704, ஒரு இன்ஸ்டலேஷன் பாதில தொங்குது, அதை முதல்ல திருப்புன்னு. அந்த நாலையும் நேர்ல போன ஒருத்தர் பென் டிரைவ்ல பேக்கேஜைக் கொண்டு போய் கையால ஓட்டி, பழைய மாற்றங்களைத் திருப்பவான்னு கேட்டதுக்கு ஆமா கொடுத்து, மறுபடி ஏத்தினார்.

7 மெஷின்: யாருக்கும் தெரியாத ஒரு டயலாக் பாக்ஸ்

இருக்கறதுலயே குறைஞ்ச எண்ணிக்கை, ஆனா எனக்கு அதிகமா கத்துக்கொடுத்தது. 7 மெஷின் லாகின் ஸ்கிரீனுக்கே வரல, 11 மணிக்கும் அதே இன்ஸ்டால் வரிதான். மெயின் ஆபீஸ்லதான் இருக்கு, லைன் பிரச்னை இல்ல. என் மெஷின்லேர்ந்து டாஸ்க்லிஸ்ட் கமாண்டை அந்த மெஷின் மேல ஓட்டினேன், ப்ராசஸ் பட்டியல்ல எம்எஸ்ஐயை ஓட்டற எம்எஸ்ஐஎக்ஸெக்குக்குப் பக்கத்துல பழைய வெர்ஷனோட அன்இன்ஸ்டாலர் உக்காந்திருக்கு, சிபியு 0, எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு.

விசாரிச்சா, இந்த 7லயும் பழைய வெர்ஷனை வருஷங்களுக்கு முன்னாடி யாரோ ஈஎக்ஸ்ஈ செட்டப்பால கையால போட்டிருக்காங்க. மத்ததுல எம்எஸ்ஐ, அதை புது எம்எஸ்ஐ தானே மேல எழுதிடும். ஈஎக்ஸ்ஈ இருந்தா புது பேக்கேஜ் அந்தப் பழைய அன்இன்ஸ்டாலரைக் கூப்பிடும், அது "டேட்டா ஃபோல்டரை வச்சிருக்கவா, அழிக்கவா"ன்னு ஒரு பாக்ஸ் காட்டும். யார் பார்க்க? விஸ்டாலேர்ந்து சர்வீஸும் சிஸ்டம் அக்கவுண்ட் வேலையும் எல்லாம் செஷன் 0ல தனியா ஓடும், யூசரோட ஸ்கிரீன் வேற செஷன். அந்த பாக்ஸ் திறந்துதான் இருந்துச்சு, பதில் சொல்ல ஆள் இல்லாத ஒரு அறைல. எம்எஸ்ஐ ஒரு நேரத்துல ஒரு இன்ஸ்டால்தான் பண்ணும், அதனால இது நிக்கற வரைக்கும் வேற எதை அனுப்பினாலும் 1618தான் வரும், இன்னொரு இன்ஸ்டலேஷன் நடக்குதுன்னு.

அன்இன்ஸ்டாலரை ரிமோட்ல கொன்னோம், பேக்கேஜ் 1603 கொடுத்துட்டு திரும்பிச்சு, லாகின் வந்துச்சு. 1603ங்கறது ஏதோ தப்புன்னு மட்டும் சொல்ற நம்பர், அதை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. முழு விவர லாக்கோட ஓட்டி, அந்த லாக்ல ரிட்டர்ன் வேல்யூ 3ன்னு தேடி, அது கிடைச்ச இடத்துக்கு மேல நாலு வரி படிச்சா எந்த ஆக்‌ஷன் விழுந்துச்சுன்னு தெரிஞ்சிடும். பழையதை, கேள்வி கேக்காம ஓட வைக்கற சைலண்ட் ஸ்விட்ச் போட்டு முதல்ல எடுத்துட்டு அப்புறம் புதுசைப் போட்டோம்.

ஏறின 117 ஏன் திறக்கல

இதுதான் என்னை உலுக்கினது. பாலிசியோட கணக்குல இந்த 117ம் வெற்றி. ஈவென்ட்ல வெற்றி. ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல ஃபோல்டர் இருக்கு, வெர்ஷன் சரி. திறந்தா சர்வர் அட்ரஸ் காலி.

சர்வர் அட்ரஸை அந்த செட்டப் கரண்ட் யூசரோட ரெஜிஸ்ட்ரில எழுதுது. இன்ஸ்டால் பண்ண கரண்ட் யூசர் யாரு? சிஸ்டம். ஆக அட்ரஸ் ஒழுங்காதான் எழுதப்பட்டிருந்துச்சு, சிஸ்டம் அக்கவுண்ட்டோட சொந்த ப்ரொஃபைல்ல. லாகின் பண்ற மனுஷனுக்கு அது போய்ச் சேரல. என் 3 டெஸ்ட் மெஷின்ல ஏன் வேலை செஞ்சுது? செவ்வாய்க்கிழமை செட்டப் எப்படி இருக்குன்னு பார்க்க அதே மூணுலயும் நான் கையால டபுள் கிளிக் பண்ணி ஓட்டிப் பார்த்துட்டு அன்இன்ஸ்டால் பண்ணியிருந்தேன், அந்த அட்ரஸ் என் ப்ரொஃபைல்ல தங்கிடுச்சு. புதன்கிழமை டெஸ்ட் ஜெயிச்சது செவ்வாய்க்கிழமை மிச்சத்தால.

பாலிசி ப்ரிஃபரன்ஸ்ல யூசர் பக்கம் ஒரு ரெஜிஸ்ட்ரி ஐட்டம் போட்டு அட்ரஸை எழுதினோம், லாக்ஆஃப் பண்ணி லாகின் பண்ணதும் எல்லாருக்கும் வந்துடுச்சு. 10:30க்கு இதைக் கண்டுபிடிச்சோம், 11:15க்கு ஏறினவங்க எல்லாரும் வேலை ஆரம்பிச்சிட்டாங்க. முழு ஆபீஸும் திரும்பினது மதியம் 3:20க்கு.

நடுவுல இன்னொரு தப்பும் நடந்துச்சு, அதையும் பதிவு பண்ணணும். எத்தனைல ஏறியிருக்குன்னு எண்ண 10 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினோம், மெஷினோட விவரத்தைக் கேட்டு வாங்கற டபிள்யூஎம்ஐல வின்32 ப்ராடக்ட் கிளாஸைக் கேட்கற ஸ்கிரிப்ட். அது பார்க்க வெறும் கேள்வி மாதிரி இருக்கும், ஆனா அதைக் கேட்டா விண்டோஸ் அந்த மெஷின்ல இருக்கற ஒவ்வொரு எம்எஸ்ஐ பேக்கேஜையும் சரிபார்க்கும், உடைஞ்சு இருந்தா ரிப்பேரே பண்ண ஆரம்பிக்கும், ஈவென்ட்ல 1035 வரிசையா கொட்டும். ஏற்கனவே தடுமாறற மெஷினை இன்னும் இழுத்து விட்டோம். ரெஜிஸ்ட்ரியோட அன்இன்ஸ்டால் கீயைப் படிச்சாலே போதும், 64 பிட் இடத்தையும் 32 பிட்டுக்கான வாவ் இடத்தையும் ரெண்டையும் படிக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் மாத்தினது

இப்ப எந்த பேக்கேஜும் முதல்ல ஒரு வெறும் மெஷின்ல, பிஎஸ்எக்ஸெக்ங்கற டூலை வச்சு சிஸ்டம் அக்கவுண்ட்டா, என் ஸ்கிரீன்ல எதுவும் தெரியாத மாதிரி ஓடணும். அது 0, 3010, 1641ங்கற வெற்றி கோட் மூணுல ஒண்ணைக் கொடுத்துட்டு முடியணும் (3010னா வெற்றி, ரீஸ்டார்ட் பாக்கி, அதை எரர்னு எண்ணி மறுபடி மறுபடி ஓட்டற ஸ்கிரிப்ட்டை நான் பார்த்திருக்கேன்). அது முடிஞ்சதும் சாதாரண ஊழியர் மாதிரி ஒரு புது அக்கவுண்ட்ல, அந்த மெஷின்ல இதுவரைக்கும் லாகினே ஆகாத அக்கவுண்ட்ல, உள்ள போய் சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு பில் போட்டுப் பார்க்கணும். இது ரெண்டும் நடந்தாதான் டெஸ்ட்.

காப்பி பண்றதையும் இன்ஸ்டால் பண்றதையும் பிரிச்சிட்டோம். பேக்கேஜை விண்டோஸோட காப்பி டூலான ரோபோகாப்பி மெதுவா, பகல் நேரத்துல, இடைவெளி விட்டு விட்டு லோக்கல் டிஸ்க்குக்கு இறக்கும், அறுந்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரும், முடிஞ்சதும் ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) சரியான்னு தனியா பார்ப்போம். ரெண்டாவது கிளைக்கு இதுக்கு 3 நாள் ஒதுக்கறோம், யாருக்கும் தெரியறதே இல்ல. அப்புறம் ஷெட்யூல்டு டாஸ்க் ஒண்ணு சிஸ்டமா ஓடி லோக்கல் ஃபைல்லேர்ந்து ஏத்தும், எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பாம ரேண்டம் டிலே வச்சிருக்கோம், 1618 வந்தா கொஞ்ச நேரம் கழிச்சு தானே மறுபடி முயற்சி பண்ணும். பூட்டை நம்பி எதுவும் இல்ல, அதனால யார் ஷட்டவுன் பண்ணாங்க யார் ரீஸ்டார்ட் பண்ணாங்கங்கற பேச்சே இல்ல. லாக் ஒரு பொது ஷேர்ல கம்ப்யூட்டர் பேர்ல விழும், அந்த ஷேர்ல கம்ப்யூட்டர் அக்கவுண்ட்டுக்கு எழுத மட்டும் உரிமை, ஒண்ணோட லாக்கை இன்னொண்ணு படிக்க முடியாது.

அடுத்தது வளையம், அதாவது எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பாம கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு அனுப்பறது. முதல்ல 6 மெஷின், ஆனா ஐடி ரூம்லேர்ந்து ஒண்ணு கூட இல்ல: ரெண்டு கிளைலேர்ந்தும் ஒவ்வொண்ணு, பழைய ஈஎக்ஸ்ஈ இருந்தது ஒண்ணு, ஒரு லேப்டாப், பில்லிங்ல ஒண்ணு, கணக்குல ஒண்ணு. அப்புறம் 40, அப்புறம் மீதி. 2024 ஜூலை 19 அன்னிக்கு க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனியோட ஒரு தப்பான அப்டேட் ஒரே நேரத்துல உலகம் முழுக்கப் போய் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துச்சே, மைக்ரோசாஃப்ட்டே சொன்ன கணக்கு அது, முதல்ல ஒரு சின்ன வளையத்துக்குப் போயிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அதுக்காக வளையத்தை மாசக்கணக்குல இழுக்கவும் கூடாது, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் வந்தது 2017 மே, அது நுழையற ஓட்டையை அடைக்கற பேட்ச் மார்ச்லயே வெளிவந்துடுச்சு, நடுவுல இருந்த ரெண்டு மாசத்துல போடாதவங்கதான் அதிகமா மாட்டினாங்க. எங்க வளையம் ஒண்ணுக்கு ரெண்டு நாள், செக்யூரிட்டி பேட்ச்னா ஒரு நாள்.

நாலு வாரம் கழிச்சு அதே சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன அப்டேட் வந்துச்சு, இந்த முறைலயே அனுப்பினோம். முதல் வளையத்துல 6ல 1 விழுந்துச்சு, ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலைப் பிடிச்சு வச்சிருந்துச்சு, அதைச் சரி பண்ணிட்டுத்தான் 40க்குப் போனோம். இன்னிக்கு லாக் ஃபோல்டர்ல 212 ஃபைல் இருக்கு, எல்லாத்துலயும் 0 இல்ல 3010. பாக்கி ரெண்டு லீவ்ல இருக்கறவங்களோட லேப்டாப், அதுங்க வந்து நெட்வொர்க்ல சேர்ந்ததும் ஃபைல் விழும், அதுக்காக தினமும் காலைல ஒரு தடவை அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்துட்டு இருக்கேன்.